இருதயம் சுருங்குவதும் தளர்வதும்: எக்கோ பரிசோதனை பற்றிய ஒரு பாடம்

எமது கிராமங்களில் 'எக்கோ' என்ற சொல்லைக் கேள்விப்படாத வீடு இன்று குறைவு. வைத்தியசாலை கிளினிக்குக்குச் சென்றவர் கையில் ஒரு தாளோடு திரும்பி வருகிறார். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துக்களும் இலக்கங்களும் நிறைந்திருக்கின்றன. வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் அதைப் பார்த்து ஏதோ சொல்கிறது. அத்தோடு அத்தாள் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைக்கப்பட்டுவிடுகிறது.

இதனால் இரண்டு தவறான விளக்கங்கள் பரவியிருப்பதைக் கிராமக் குழுக்களில் அடிக்கடி காண்கிறோம். முதலாவது: தாளில் '60 வீதம்' என்று இருந்தால், இருதயத்தில் 40 வீதம் பழுதாகிவிட்டது என்று அஞ்சுவது. இரண்டாவது இதற்கு நேர்மாறானது: 'இருதயம் நன்றாக இறைக்கிறது என்று டொக்டர் சொல்லிவிட்டார், ஆகவே இவவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, வேலைக்குக் கள்ளம்' என்று முடிவு கட்டுவது. முதலாவது விளக்கம் சுகமாயிருப்பவரை நோயாளியாக்குகிறது. இரண்டாவது, உண்மையான நோயாளியைச் சோம்பேறியாக்குகிறது. இரண்டுமே அநியாயம். சரியான அறிவு கிடைத்தால் இரண்டையும் தவிர்க்கலாம் என்பதாலேயே இப்பாடத்தை எழுதுகிறோம்.

1. ஒரு பம்பி, இரண்டு வேலைகள்

துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பட்டை கிணற்றுக்குள் இறங்க வேண்டும், அமிழ வேண்டும், நிறைய வேண்டும். அதன் பின்புதான் மேலே தூக்கும் வேலை. பட்டை அரைவாசி நிறைந்திருக்கும்போதே தூக்கினால், மிதிப்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் வாய்க்காலில் அரைப் பட்டைத் தண்ணீரே ஓடும்.

இருதயமும் அவ்வாறே. அதில் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். சுவாசப்பையில் சுத்தமாகிய குருதி இடது சோணையறைக்கு வந்து, மைற்றல் வால்வு வழியாக இடது இதயவறையில் இறங்குகிறது. அந்த அறை சுருங்கும்போது குருதி தொகுதிப் பெருநாடி வழியாக உடல் முழுவதற்கும் செல்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை இது நடைபெறுகிறது.

ஆகவே இருதயத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று சுருங்கிக் குருதியை வெளியே தள்ளுவது. மற்றது தளர்ந்து குருதியை உள்ளே ஏற்பது. தளர்வது என்றால் சும்மா ஓய்ந்திருப்பது என்று பலர் நினைக்கின்றனர். அது அப்படியல்ல. தசை சுருங்கும்போது அதன் கலங்களுக்குள் கல்சியம் பாய்கிறது. தசை தளர வேண்டுமானால் அந்தக் கல்சியத்தைத் திரும்ப அதன் களஞ்சியத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்குச் சக்தி செலவாகிறது. இதனால்தான் இருதயத் தசைக்குக் குருதி ஓட்டம் குறையும்போது, சுருங்கும் பலம் குறைவதற்கு முன்னரே தளரும் பலம் குறைந்துவிடுகிறது.

இருதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கும்போது ஒரு துடிப்புக்கு 0.86 செக்கன் எடுக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்குவதற்கும், இரண்டு பங்கு தளர்ந்து நிறைவதற்கும் செல்கிறது. நாம் தண்ணீர்க்குடத்தோடு நடந்தாலோ படியேறினாலோ துடிப்பு 120 ஆகலாம். அப்போது ஒரு துடிப்புக்குக் கிடைப்பது அரைச் செக்கன் மட்டுமே. இந்தக் குறைவில் பெரும்பகுதி நிறையும் நேரத்திலிருந்தே வெட்டப்படுகிறது. மெதுவாகத் தளரும் இருதயம், இருக்கும்போது சமாளித்துக்கொண்டு, நடக்கும்போது இளைப்பைக் கொண்டுவருவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

2. ஒலியைக் கொண்டு பார்ப்பது

இருதயத்தின் வேலையை அளக்க முன்னர் ஒரு வழியே பெரிதும் இருந்தது. நீண்ட மெல்லிய குழாயொன்றை நாளம் அல்லது நாடி வழியாக இருதயத்துக்குள் செலுத்தி அளப்பது. அது இன்றும் தேவையானவர்களுக்குச் செய்யப்படுகிறது. ஆயினும் உடலைத் துளைக்காமல் அளக்கும் வழியைத் திறந்தவர்கள் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரைச் சேர்ந்த இருவர். ஒருவர் இங்கே எட்லர் என்ற இருதய வைத்தியர். மற்றவர் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளர். மைற்றல் வால்வு சுருங்கிய நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்யுமுன் அந்த வால்வின் உண்மை நிலையை அறிய எட்லருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. உலோகத்துக்குள் வெடிப்பு உண்டா என்று ஒலி அலையால் சோதிக்கும் கருவி அக்காலத்தில் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் இடங்களிலும் இருந்தது. ஹேர்ட்ஸ் அத்தகைய கருவி ஒன்றை இரவல் பெற்றார். 1953 ஒக்ரோபர் 29 அன்று அதன் மூலம் துடிக்கும் இருதயத்தின் அசைவு முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. இரும்புக்காக ஆக்கப்பட்ட ஒன்று இவ்வாறு மனிதருக்கு உதவியாயிற்று.

கருவியின் தத்துவம் எளிது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் எதிரொலி வருகிறது. ஆழமான கிணற்றில் அது சற்றுப் பிந்தி வரும். 'எக்கோ' என்றாலே எதிரொலிதான். மனிதக் காது செக்கனுக்கு 20,000 அதிர்வு வரையிலான ஒலியையே கேட்கும். எக்கோ கருவி பெரியவர்களுக்குப் பயன்படுத்தும் ஒலி செக்கனுக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் அதிர்வு வரை கொண்டது. இதைக் கழியொலி என்கிறோம். நெஞ்சின் மேல் வைக்கப்படும் சிறு கருவி இந்த ஒலியை அனுப்புகிறது, திரும்பி வரும் எதிரொலியையும் கேட்கிறது. உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி செக்கனுக்கு 1,540 மீற்றர் வேகத்தில் செல்வதால், எதிரொலி வர எடுத்த நேரத்தைக் கொண்டு கணினி தூரத்தைக் கணக்கிட்டுப் படமாக்குகிறது. இதில் எக்ஸ் கதிர் எதுவும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அச்சமின்றிச் செய்யலாம்.

இன்னொரு தத்துவமும் இதில் சேர்ந்துள்ளது. பஸ் ஹோர்ன் அடித்தபடி எம்மை நோக்கி வரும்போது சத்தம் கூர்மையாகவும், எம்மைக் கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்கிறது. இதனை 1842 இல் விளக்கியவர் கிறிஸ்தியான் டொப்ளர் என்ற ஒஸ்திரிய அறிஞர். ஓடும் குருதியில் பட்டுத் திரும்பும் ஒலியும் இவ்வாறே மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து குருதி எத்திசையில், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அறியலாம். படம் இருதயத்தின் வடிவத்தையும் அசைவையும் காட்ட, டொப்ளர் ஓட்டத்தைக் காட்டுகிறது.

3. சுருங்கும் பலத்தை அளப்பது

எக்கோ தாளில் எல்லோரும் தேடும் இலக்கம் 'ஈ.எஃப்.' என்பதாகும். இதனைத் தமிழில் 'வெளித்தள்ளும் வீதம்' எனலாம். இடது இதயவறை நிறைந்திருக்கும்போது அதிலுள்ள குருதியில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அதன் கருத்து.

இதனை அளக்க அறையின் படம் இரண்டு கோணங்களில் எடுக்கப்படுகிறது. அறையின் உள்விளிம்பு கோடாக வரையப்படுகிறது. பின்னர் கணினி, தோசைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல, அந்த அறையை 20 தட்டுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் கொள்ளளவையும் கூட்டுகிறது. நிறைந்த நிலையில் ஒரு அளவு, சுருங்கிய நிலையில் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வெளியே சென்ற குருதி.

இங்கேதான் பள்ளிக்கூடப் புள்ளி போல எண்ணும் தவறு வருகிறது. நல்ல இருதயம் எதுவும் 100 வீதம் தள்ளுவதில்லை. 2015 இல் வெளிவந்த அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர் சங்கங்களின் அளவீட்டு வழிகாட்டியின்படி ஆண்களில் 52 முதல் 72 வரையும், பெண்களில் 54 முதல் 74 வரையும் இயல்பானவை. ஆகவே 60 என்பது நல்ல அளவு. இருதய பலவீன நோயுள்ளவர்களில் 40 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் சுருங்கும் பலம் குறைந்துள்ளது என்றும், 41 முதல் 49 வரை சற்றுக் குறைவு என்றும், 50 அல்லது அதற்கு மேல் என்றால் வெளித்தள்ளும் வீதம் காக்கப்பட்டுள்ளது என்றும் வைத்தியர்கள் பிரித்துப் பார்க்கின்றனர்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கோடு வரைவது மனிதக் கண்ணும் கையும். ஒரே நபரை இருவர் அளந்தால் 5 முதல் 10 வரை வேறுபாடு வரலாம். சென்ற வருடம் 58, இவ்வருடம் 55 என்பதற்காக இருதயம் தேய்கிறது என்று துக்கப்படத் தேவையில்லை.

4. மூன்று இருதயங்களின் கணக்கு

வெளித்தள்ளும் வீதம் மட்டும் போதாது என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்வோம். விளக்கத்துக்காக மூன்று இருதயங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கின்றன.

முதலாவது இருதயம் 120 மில்லிலீற்றர் நிறைந்து, 72 ஐத் தள்ளுகிறது. வீதம் 60. நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர்.

இரண்டாவது இருதயம் வீங்கிப் பெருத்தது. 200 மில்லிலீற்றர் நிறைந்து, 60 ஐத் தள்ளுகிறது. வீதம் 30 மட்டுமே. நிமிடத்துக்கு 4.2 லீற்றர்.

மூன்றாவது இருதயத்தின் சுவர் தடித்து இறுகியது. 70 மில்லிலீற்றர் மட்டுமே நிறைகிறது. அதில் 42 ஐத் தள்ளுகிறது. வீதம் 60! ஆனால் நிமிடத்துக்கு 3 லீற்றரும் இல்லை.

முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் தாளில் ஒரே இலக்கம். உடலுக்குக் கிடைக்கும் குருதியிலோ பெரும் வித்தியாசம். மூன்றாவது இருதயம் தூக்குவதில் குறை வைக்கவில்லை, பட்டை நிறையவில்லை. எல்லா இறுகிய இருதயங்களும் இவ்வளவு குறைவாக நிறைவதில்லை. பலவற்றில் குருதி போதிய அளவு நிறைகிறது. ஆனால் அதை நிறைப்பதற்கு அதிக அமுக்கம் தேவைப்படுகிறது. அந்த அமுக்கம் பின்னோக்கிச் சோணையறைக்கும், அங்கிருந்து சுவாசப்பைக்கும் செல்கிறது. சுவாசப்பையில் நீர் கசிகிறது. நோயாளி இளைக்கிறார், இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்காருகிறார். தாளில் 60 வீதம் என்றே இருக்கிறது.

5. தளரும் பலத்தை அளப்பது

இதற்கு டொப்ளர் உதவுகிறது. மைற்றல் வால்வு திறந்ததும் குருதி இரண்டு அலைகளாக இதயவறைக்குள் இறங்குகிறது. இதயவறை தளர்ந்து இழுப்பதால் வருவது முதலாவது அலை. அதனை 'ஈ' என்பர். கடைசியில் சோணையறை சுருங்கி மிச்சத்தைத் தள்ளுவதால் வருவது இரண்டாவது அலை. அதனை 'ஏ' என்பர். இளம் வயதில் ஈ அலை பெரிது. வயது செல்லச் செல்ல இருதயம் மெதுவாகத் தளர்வதால் ஈ சிறுத்து ஏ பெருக்கிறது.

ஆனால் இந்த இரண்டு அலைகளை மட்டும் நம்ப முடியாது. நோய் முற்றிச் சோணையறையில் அமுக்கம் கூடும்போது, அந்த அமுக்கமே குருதியைத் தள்ளிவிடுவதால் ஈ அலை மீண்டும் பெரிதாகி, நல்ல இருதயம் போலத் தோற்றமளிக்கும். இந்தப் பொய்த்தோற்றத்தைக் கண்டுபிடிக்க, குருதியின் வேகத்தோடு தசையின் வேகத்தையும் அளக்கின்றனர். மைற்றல் வால்வு பொருந்தியுள்ள வளையம் தளரும்போது எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதே அந்த அளவு. தசை மெதுவாகவும் குருதி வேகமாகவும் சென்றால், குருதியை இழுப்பது தசையல்ல, பின்னாலுள்ள அமுக்கமே அதைத் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். குருதியின் வேகத்தைத் தசையின் சராசரி வேகத்தால் வகுத்து வரும் ஈவு 14 ஐத் தாண்டினால் அமுக்கம் கூடியுள்ளது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

இத்தோடு இடது சோணையறை பெருத்துள்ளதா என்றும், சுவாசப்பை நாடியின் அமுக்கம் கூடியுள்ளதா என்றும் பார்க்கின்றனர். சோணையறையின் பருமன் நீண்ட காலக் கதையைச் சொல்லும். வெள்ளம் வடிந்த பின்னும் சுவரிலுள்ள நீர்க்கோடு போன்றது அது. ஒரு அளவை மட்டும் வைத்து வைத்தியர் தீர்ப்பிடுவதில்லை. பல சாட்சிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தே முடிவு செய்கிறார்.

தாளில் 'முதலாம் தரத் தளர்வுக் குறை' என்ற கருத்துப்பட எழுதியிருப்பதைக் கண்டு பலர் கலங்குகின்றனர். அறுபது வயதைத் தாண்டியவர்களில் இது மிகவும் சாதாரணம். அதன் கருத்து இருதயம் மெதுவாகத் தளர்கிறது, ஆனால் அமுக்கம் இன்னும் கூடவில்லை என்பதே. அஞ்ச வேண்டியதில்லை, ஆயினும் குருதி அமுக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை அது. இரண்டாம், மூன்றாம் தரங்களே அமுக்கம் கூடிய நிலைகள்.

6. யாரை மறந்துவிடுகிறோம்?

வீதம் இயல்பாயிருந்தும் இருதயம் பலவீனமான நோயாளரில் வயது சென்றவர்களும், நீண்டகால உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, அதிக உடற்பருமன் உள்ளவர்களும் அதிகம். பெண்களும் இவர்களில் கூடுதலாக உள்ளனர். எமது கிராமத்தில் விறகும் தண்ணீரும் சுமப்பவர் யார், இளைத்தாலும் அடுப்படியை விட முடியாதவர் யார் என்று நாம் அறிவோம். அவர் 'ஏலாது' என்று சொல்லும்போது, தாளிலுள்ள ஒரு இலக்கத்தைக் காட்டி வாயடைப்பது நியாயமன்று. முன்னர் இந்நோய்க்கு நீர் வெளியேற்றும் மாத்திரையையும் குருதி அமுக்கக் கட்டுப்பாட்டையும் தவிர அதிகம் இருக்கவில்லை. 2021, 2022 ஆம் ஆண்டுகளில் வெளியான பெரிய ஆய்வுகள், நீரிழிவுக்கென வந்த எம்பாக்லிஃப்ளோசின், டபாக்லிஃப்ளோசின் என்ற மருந்துகள் நீரிழிவு இல்லாதவர்களிலும் இந்நோயால் வைத்தியசாலையில் சேர்க்கப்படுவதைக் குறைக்கின்றன என்று காட்டின. ஆகவே நோயைக் கண்டுபிடிப்பதில் இன்று பயன் உண்டு.

பிள்ளைப்பேற்றை அண்டிய தாய்மாரையும் மறக்கக்கூடாது. கர்ப்பத்தின் கடைசி நாட்களிலோ, பிள்ளை பிறந்து சில மாதங்களுக்குள்ளோ சில தாய்மாருக்கு இருதயத் தசை திடீரெனப் பலவீனப்படுவதுண்டு. வெளித்தள்ளும் வீதம் 45 க்குக் கீழ் இறங்கிவிடும். இளைப்பையும் கால் வீக்கத்தையும் 'பத்தியக் குறை', 'பிள்ளை பெற்ற உடம்பு' என்று வீட்டார் தள்ளிப்போட்டால் உயிராபத்து நேரலாம். படுக்க முடியாமல் இளைக்கும் தாயை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒரு எக்கோ அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். உரிய காலத்தில் வைத்தியம் கிடைத்தால் பலரின் இருதயம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

7. பரிசோதனைக்குச் செல்லும்போது

நெஞ்சின் மேல் வைத்துச் செய்யும் சாதாரண எக்கோவுக்குப் பட்டினி இருக்க வேண்டியதில்லை. வழமையான மருந்துகளை எடுத்துக்கொள்ளலாம். நோயாளர் இடது பக்கமாகச் சரிந்து படுக்க வைக்கப்படுவார். அப்போது இருதயம் நெஞ்சுச் சுவரை அண்டி வரும். கழியொலி காற்றை ஊடுருவாது என்பதால் கருவிக்கும் தோலுக்கும் இடையில் குளிர்ந்த பசை பூசப்படும். அதே காரணத்தால், மூச்சை வெளியே விட்டுச் சற்று நிறுத்தும்படியும் கேட்கலாம். நோவு இல்லை. பெரும்பாலும் அரை மணித்தியாலம் போதும்.

மேலுடையைத் தளர்த்த வேண்டியிருப்பதாலேயே சில பெண்கள் இப்பரிசோதனையைத் தவிர்க்கின்றனர். முன்புறம் திறக்கும் சட்டை அணிந்து செல்வது நல்லது. போர்த்துக்கொள்ளத் துணியும், கூட நிற்க ஒரு பெண் உதவியாளரும் கேட்பதில் தவறில்லை. பழைய எக்கோ தாள்களையும் கிளினிக் கொப்பியையும் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். ஒரு தாளை விட இரண்டு தாள்களை ஒப்பிடுவதே வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

8. எக்கோ சொல்லாதவை

ஈ.சி.ஜி. இருதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். எக்கோ அதன் வடிவத்தையும் அசைவையும் காட்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இருதயத்துக்குக் குருதி கொடுக்கும் நாடிகளில் அடைப்பு உண்டா என்பதையும் சாதாரண எக்கோ நேரடியாகக் காட்டாது. சுவரின் ஒரு பகுதி அசையாதிருந்தால், அப்பகுதிக்குரிய நாடியில் சந்தேகம் எழும், அவ்வளவே. உடற்பருமன், சுவாசப்பை நோய் ஆகியவற்றால் படம் தெளிவில்லாதபோது எம்.ஆர்.ஐ. உதவும். அறையின் கொள்ளளவை மிகத் திருத்தமாக அளப்பது அதுவே. ஆனால் அது செலவு கூடியது, எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. இருக்கும்போது செய்யும் எக்கோவில் குறை தெரியாமல், நடக்கும்போது இளைப்பவருக்குச் சைக்கிள் மிதிக்க வைத்து எக்கோ செய்யும் முறையும் உண்டு.

எந்தக் கருவியும் நோயாளரின் வாய்ச்சொல்லுக்குப் பதிலாகாது. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், எவ்வளவு தூரம் நடந்தால் இளைக்கிறது, செருப்பு இறுக்கமாகிறதா என்ற கேள்விகளுக்கான பதில் எக்கோ தாளளவுக்கு முக்கியமானது. அதைத் தெளிவாகச் சொல்ல நோயாளரைப் பழக்குவதும் எமது பணியே.

9. நாம் செய்யக்கூடியவை

இருதயச் சுவர் தடித்து இறுகுவதற்குப் பிரதான காரணம் கட்டுப்படாத குருதி அமுக்கம். அதை அறிய எக்கோ தேவையில்லை, கையில் கட்டி அளக்கும் சாதாரண கருவி போதும். 35 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் குருதி அமுக்கத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்வதைக் கிராமக் குழுவின் ஒரு ஒழுங்காக்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பையே விதிக்கிறது. அது ஒரு தேக்கரண்டியளவு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவற்றில் உள்ளதும் அதற்குள் அடங்க வேண்டும். இருதய பலவீனம் உள்ளவர் தினமும் காலையில் நிறை பார்த்து எழுதி வைப்பது நன்று. மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது தசையல்ல, தேங்கிய நீர். கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். சுகமாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதே மீண்டும் மீண்டும் வைத்தியசாலைக்குச் செல்ல வைக்கும் காரணங்களில் முக்கியமானது.

குழுவாகச் சிந்திக்க

1. எமது கிராமத்தில் இளைப்பு, கால் வீக்கம் உள்ளவர்களைப் பற்றி நாம் எவ்வாறு பேசுகிறோம்? ஆணுக்கு ஒரு பேச்சும் பெண்ணுக்கு இன்னொரு பேச்சும் உண்டா?

2. மூன்று இருதயங்களின் கணக்கை ஒரு பட்டை, ஒரு வாளி, ஒரு செம்பு கொண்டு தண்ணீரால் செய்து காட்டுங்கள். 'வீதம் ஒன்று, அளவு வேறு' என்பதை எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விளக்க முடிகிறதா என்று பாருங்கள்.

3. எக்கோ தாளை வைத்துக்கொண்டு விளங்காமலிருக்கும் குடும்பங்கள் எத்தனை? அடுத்த கிளினிக் நாளில் அவர்களோடு செல்ல யார் முன்வருவார்? வைத்தியரிடம் கேட்க மூன்று கேள்விகளை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்: இருதயம் நன்றாகச் சுருங்குகிறதா? நன்றாகத் தளர்கிறதா? வால்வுகள் எப்படி?

4. ஒரு குருதி அமுக்கக் கருவியும் ஒரு நிறை பார்க்கும் தராசும் எமது சங்கக் கட்டிடத்தில் வைப்பதற்கு என்ன வழி? அவற்றைப் பொறுப்பேற்று, கிராமத்து மருத்துவமாதுவிடம் பழகிக்கொள்ளக்கூடிய இருவரை இன்றே தெரிவு செய்யுங்கள்.